ஏழும் பச்சை

துறைமுக விரிவாக்க அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், கழிப்பறைக்கும் பழைய வரைபடங்களைச் சுருட்டிப் போட்டிருந்த அறைக்கும் நடுவே ஒரு சின்ன அறை. அதில் பதினோரு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து அட்டவணை போட்டுக்கொண்டிருந்தவளை எல்லோரும் முடிச்சக்கா என்றார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

பெயர் வந்த காரணம் எளிது. கடலடியைத் தோண்டி ஆழமாக்குவது, கப்பல் அணையும் தளத்தைக் கட்டுவது, தளத்தின் மேல் கிரேன் ஓடத் தண்டவாளம் பதிப்பது, மின்சாரம் கொண்டுவருவது, கன்டெய்னர் அடுக்க முற்றம் போடுவது, லாரிகளுக்கு நுழைவாயில் எழுப்புவது, வெளிநாட்டில் செய்யச் சொன்ன இரண்டு ராட்சதக் கிரேன்களை வரவழைப்பது. ஏழு வேலைகள், ஏழு பிரிவுகள், ஏழு தலைவர்கள். எல்லாம் சேர்ந்து ஒரு பெருந்திட்டம். முடிச்சக்கா இந்த ஏழையும் அட்டவணை மென்பொருளில் ஒரே கோப்பில், ஒரே மரத்தின் ஏழு கிளைகளாக வைத்திருந்தாள். கிளைக்குக் கிளை முடிச்சுப் போட்டிருந்தாள். தளம் முடியாமல் தண்டவாளம் தொடங்காது; அதற்கொரு முடிச்சு. தண்டவாளம் இல்லாமல் கிரேன் இறங்காது, அதற்கொன்று. ஆழம் இல்லாமல் கப்பலே உள்ளே வராது, அதற்கும் ஒன்று. மொத்தம் முந்நூற்றுப் பதினெட்டு. தளத்தில் கான்கிரீட் நாலு நாள் தள்ளிப் போனால், அன்று மாலையே கிரேன் கப்பல் புறப்படவேண்டிய தேதியும் நாலு நாள் தள்ளிப் போகும். யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, கோப்பு சொல்லிவிடும்.

கோப்பு சொல்லிவிடும் என்பதுதான் பலருக்குப் பிடிக்கவில்லை.

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறதுல இந்தம்மாவை அடிச்சுக்க ஆளே இல்ல" என்று ஒரு கூட்டத்தில் கடலைத் தோண்டும் பிரிவின் தலைவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் முடிச்சக்கா ஆனாள். பதிலுக்கு அவள் அவருக்குப் பெயர் வைக்கவில்லை. வைக்கத் தேவையும் இருக்கவில்லை. அலுவலகமே அவரைத் தூர்வாரியார் என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தது.

பழைய இயக்குநர் ஓய்வு பெற்றார், புதியவர் வந்தார். படித்தவர், பண்பானவர், கடைநிலை ஊழியரைக்கூட வாங்க போங்க என்று பேசுபவர். ஒரே ஒரு குறை: சிவப்பு நிறம் ஆகாது. அட்டவணையில் தாமதமான வேலைகள் சிவப்புக் கோடாகவும், ஒழுங்காக நடப்பவை பச்சைக் கோடாகவும் தெரியும். அவர் வந்த முதல் திங்கட்கிழமை முடிச்சக்கா சுவரில் ஒட்டிக் காட்டிய தாளில் ஐம்பது சிவப்புக் கோடுகளாவது இருந்திருக்கும். வெள்ளைச் சட்டையில் ரத்தக்கறையைக் கண்டவர் போல அதை அவர் பார்த்தார்.

"என்ன மேடம் இது, இவ்வளவு சிவப்பா இருக்கு?"

"லேட்டா இருக்கு சார். அதான் சிவப்பு."

"அது புரியுது. இதை எப்படிச் சரி பண்றதுன்னு கேக்கறேன்."

"வேலையைச் சீக்கிரம் முடிச்சா தானா பச்சையாயிடும் சார்."

கிண்டல் செய்கிறாளோ என்று இயக்குநர் அவளை உற்றுப் பார்த்தார். அவள் கிண்டல் செய்யவில்லை. அவளிடம் இருந்த கோளாறே அதுதான்.

சிவப்பு இப்படி உறுத்திக்கொண்டிருக்கும்போது, நெருப்பு வேறு பக்கத்திலிருந்து பற்றியது. தண்டவாளப் பிரிவின் தலைவரும் தளப் பிரிவின் தலைவரும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் தண்டவாளத்தார். தங்கையைக் கட்டியவர் தளத்தார். வயதிலும் பணிமூப்பிலும் குடும்பத்திலும் தண்டவாளத்தாரே பெரியவர். ஆனால் தளம் முடிந்த பிறகுதான் தண்டவாளம் என்பதால், மரத்தில் முடிச்சக்கா முதல் வரியில் தளத்தையும் அடுத்த வரியில் தண்டவாளத்தையும் போட்டிருந்தாள். மூன்று வருடமாக அது யார் கண்ணையும் குத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது தளத்தார் விளையாட்டாக, "வீட்டுலதான் அண்ணன் பெரியவர். ஆபீஸ்ல எனக்குக் கீழதான்" என்று சொல்லிவைத்தார். சோற்றில் வைத்த கையை உதறிக்கொண்டு தண்டவாளத்தார் எழுந்துவிட்டாராம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முடிச்சக்காவின் அறை வாசலில் நின்றார்.

"ஏம்மா, என்னை யாருக்குக் கீழ போட்டிருக்கீங்க?"

"யாருக்கும் கீழ இல்ல சார். தளம் முடிஞ்சாத்தானே தண்டவாளம்? அதனால அடுத்த வரி."

"அடுத்த வரின்னா கீழதானே?"

"தாள்லதான் சார் கீழ. கட்டின இடத்துல நீங்கதானே அவர் மேல ஏறி நிக்கறீங்க?"

அந்தப் பதில் அவருக்கு ஒரு கணம் இனிக்கத்தான் செய்தது. ஆனால் வீட்டில் மனைவி இரவு முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தது ஞாபகம் வந்தது. "கட்டின இடத்தை யாரு வந்து பாக்கப் போறா? தாளைத்தான் எல்லாரும் பாக்கறாங்க. எனக்குத் தனி ப்ராஜெக்ட் வேணும்" என்று சொல்லிவிட்டு, நேரே இயக்குநர் அறைக்குப் போனார்.

ஒரு மகனுக்குத் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்தால் மற்ற மகன்கள் சும்மா இருப்பார்களா? ஒரே வாரத்தில் ஏழு பேரும் தனித்தனிக் கோப்பு கேட்டு வரிசையில் நின்றார்கள். இயக்குநருக்கோ அது பெரிய நிர்வாகச் சீர்திருத்தமாகத் தோன்றியது. "ஆளுக்கு ஒரு ப்ராஜெக்ட், ஆளுக்கு ஒரு பொறுப்பு" என்று அறிவித்தார். முடிச்சக்கா உட்கார்ந்து ஒரு கோப்பை ஏழாக வெட்டினாள்.

தனிக்குடித்தனம் என்றால் தனி அடுப்பு, தனி நாள்காட்டி. தளத்தார் கோப்பில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை. மின்சாரப் பிரிவின் கோப்பில் ஐந்து நாள். கடலுக்கு ஏது விடுமுறை என்று தூர்வாரியார் ஏழு நாளும் போட்டுக்கொண்டார். துறைமுகத்தில் இருந்த மிதவைக் கிரேனோ ஒன்றே ஒன்று; கனமான எதையும் தண்ணீர்ப் பக்கமிருந்து தூக்க அதை விட்டால் நாதியில்லை. நாலு பிரிவுக்கு அது வேண்டும். ஒரே கோப்பாக இருந்தவரை, ஒருவர் கையில் அது இருக்கும்போது இன்னொருவர் கேட்டால் மென்பொருள் கூச்சல் போடும். இப்போது நாலு கோப்பிலும் ஆளுக்கொரு மிதவைக் கிரேன் இருந்தது. தாளில் நாலு மிதந்தன. தண்ணீரில் ஒன்றுதான் மிதந்தது.

அப்போதும் முடிச்சுகள் மிச்சமிருந்தன. கோப்பிலிருந்து கோப்புக்கு முடிச்சுப் போட மென்பொருளில் வழி உண்டு. முந்நூற்றுப் பதினெட்டையும் முடிச்சக்கா பழையபடி கட்டிவைத்திருந்தாள். ஆகவே, தளத்தில் கான்கிரீட் மறுபடி தள்ளிப்போன திங்கட்கிழமை காலை, தண்டவாளத்தாரின் புத்தம் புதிய தனிக்கோப்பு தலை முதல் கால் வரை சிவந்து கிடந்தது.

"தனியாப் போயும் இவன் என்னை விடமாட்டேங்கறானே!" என்ற கத்தல் இரண்டு மாடிக்கும் கேட்டது.

கூட்டம் கூடியது. நீள மேசையைச் சுற்றி ஏழு தலைவர்கள், தலைப்பக்கத்தில் இயக்குநர், முடிச்சக்காவுக்குச் சுவரோரமாக ஒரு மடக்கு நாற்காலி.

"சார், பக்கத்து வீட்டுல குழந்தை அழுதா என் வீட்டுல ஏன் சார் விளக்கு அணையணும்?" என்று தூர்வாரியார் ஆரம்பித்தார்.

"நியாயமான கேள்வி" என்றார் இயக்குநர். "மேடம், இந்த முடிச்செல்லாம் எடுத்துட்டா என்ன ஆகும்?"

முடிச்சக்கா எழுந்து நின்றாள். "சார், இதெல்லாம் நானாப் போட்ட முடிச்சு இல்ல. கடல்லயும் கான்கிரீட்டுலயும் இருக்கறதை நான் எழுதி வெச்சிருக்கேன், அவ்வளவுதான். இங்க எடுத்துட்டா அங்க போயிடுமா?"

"அங்க போகாதும்மா. ஆனா இங்க தெரியாதில்ல?" என்றார் தூர்வாரியார். அந்த அலுவலகத்தில் அவர் அவ்வளவு நேர்மையாகப் பேசியது அந்த ஒரு முறைதான். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

சுற்றறிக்கை வந்தது. இனிக் கோப்புக்குக் கோப்பு முடிச்சு கிடையாது. ஒருவருக்கு இன்னொருவரிடமிருந்து எது வேண்டுமோ, அது எந்தத் தேதியில் கிடைக்கும் என்று அவரே தன் கோப்பில் எழுதிக்கொள்ளலாம். அன்று கிடைக்காவிட்டால் புதுத் தேதி எழுதிக்கொண்டு, அதையே ஆதியிலிருந்து இருந்த தேதியாக வைத்துக்கொள்ளலாம். சுருங்கச் சொன்னால், அடுத்தவரால் வரும் தாமதம் தாமதம் ஆகாது. ஏழு பேரும் ஒருவருக்கொருவர் அடுத்தவர்தானே! ஆக, தாமதம் என்ற ஒன்றே துறைமுகத்தை விட்டு ஒழிந்தது.

எல்லா முடிச்சையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் அழித்திருக்கலாம். முடிச்சக்காவுக்கு மனம் வரவில்லை. இது எதற்குப் போட்டது, இது யாருக்காகப் போட்டது என்று ஒவ்வொன்றாகப் படித்துப் படித்து அழித்தாள். இரண்டரை நாள் ஆனது. முடித்ததும், இதனால் என்னென்ன நடக்கக்கூடும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி இயக்குநருக்கு அனுப்பினாள். ஓரத்தில் 'பார்த்தேன்' என்ற ஒரு சொல்லோடு அது திரும்பி வந்தது.

அடுத்த மாதமே வரவேற்பறையில் பெரிய திரை ஒன்று வந்து உட்கார்ந்தது. அதில் ஏழு வட்ட விளக்குகள், ஏழும் பச்சை. தண்டவாளத்தாரின் மனைவி ஒருநாள் நேரில் வந்து, தன் கணவரின் விளக்கும் தங்கை கணவரின் விளக்கும் ஒரே உயரத்தில் எரிவதைக் கண்ணாரப் பார்த்துவிட்டுப் போனாள். முடிச்சக்காவின் வேலை இப்போது மிகவும் சுலபமாகிவிட்டது. திங்கட்கிழமை தோறும் ஏழு பேரிடமும் போய் என்ன நிறம் என்று கேட்க வேண்டும். அவர்கள் பச்சை என்பார்கள். திரையில் போட வேண்டும்.

கேட்கப் போன இடத்தில் கண்ணை மூடிக்கொள்ள அவளால் முடியவில்லை. தளத்தின் கடைசிப் பகுதி மூன்றாம் தேதி கைக்கு வரும் என்று தண்டவாளத்தார் கோப்பு சொன்னது. அதே பகுதி இருபத்தொன்பதாம் தேதிதான் முடியும் என்று தளத்தார் கோப்பு சொன்னது. இரண்டும் பச்சை. தளத்துச் சுவர் இறுகாமல் அதன் அடிவாரத்தைத் தோண்டினால் சுவர் சாய்ந்துவிடும். சுவர் இறுகிவிட்டது என்று தூர்வாரியார் கோப்பு சொன்னது. சுவரில் பாதிக்கு இன்னும் பலகைகூடப் பிரிக்கவில்லை. அதுவும் பச்சை. இயக்குநரிடம் சொன்னாள். "அவங்கவங்க ஃபைல் மேடம். அவங்கவங்க பொறுப்பு" என்று அவர் கனிவாகச் சொன்னார்.

கிரேன் கொள்முதல் பிரிவின் தலைவர் மட்டும் யார் வம்புக்கும் போகாத சாது. கிரேன் செய்பவர்களிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது: இரண்டும் தயார், கப்பலில் ஏற்றலாமா? முடிச்சக்கா அவர் அறைக்கு ஓடினாள்.

"சார், இப்ப ஏத்தச் சொல்லாதீங்க. இங்க ஒண்ணும் தயாரா இல்ல."

"நீங்க சொல்றீங்க. ஆனா கீழ திரையில ஏழும் பச்சையா இருக்கே அக்கா?"

"அந்தத் திரையில பச்சை போடறதே நான்தான் சார்!"

"அப்ப நீங்கதானே சொல்லியிருக்கீங்க, எல்லாம் சரியா இருக்குன்னு?"

அவர் அப்பாவியாக, ஏற்றச் சொல்லி எழுதிப்போட்டார்.

கப்பல் சொன்ன தேதியில், சொன்ன காலையில் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. பெருந்திட்டம் முழுவதிலும் நிஜமாகவே பச்சையாக இருந்த ஒரே வேலை அதுதான். இந்த ஊருக்கு இரண்டு, வேறொரு துறைமுகத்துக்கு இரண்டு என்று நாலு கிரேன்களை நிற்க வைத்தபடியே கட்டிக்கொண்டு வந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம். இருபது மாடி உயரக் கிரேன்களைக் கடலில் எங்கே மறைப்பது? ஊர் ஜனம் கடற்கரையில் கூடிவிட்டது. முதல் நாள் கைதட்டினார்கள். மூன்றாம் நாள், எப்போது உள்ளே வரும் என்று கேட்டார்கள். ஐந்தாம் நாள், கப்பலைப் பின்னணியில் வைத்துப் புகைப்படம் எடுத்துக் கொடுக்க இருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

முடிச்சக்காவின் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தாலே கப்பல் தெரியும். மாமியார் காலையில் துணி காயப்போடப் போவதும் ஒரு செய்தியோடு இறங்கி வருவதும் வழக்கமாகிப் போனது.

"உன் கப்பல் அங்கயேதாம்மா நிக்குது. நேத்தைக்குக் கொஞ்சம் திரும்பி நின்னுது. இன்னைக்குப் பழையபடி."

"அது என் கப்பல் இல்ல அத்தை."

"பின்ன யாரோடது? அட்டவணை போடறது நீதானே?"

கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, "ரிலே ஓட்டத்துல வாங்கறவன் கையை நீட்டிக்கிட்டு நிக்கறான். குடுக்கறவன் இன்னும் வீட்டுல பல் தேய்ச்சிட்டிருக்கான். அதானே கதை?" என்றார்.

"அதேதாங்க. யாரு யாருக்குக் குடுக்கணும்னு நான் எழுதி வெச்சிருந்தேன். அறுக்கச் சொல்லிட்டாங்க."

"சொன்னாங்க சரி. அறுத்தது யாரு?" என்றாள் மாமியார், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

முடிச்சக்கா காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவளுக்கு, அந்த இரண்டரை நாளும் ஒவ்வொரு முடிச்சாக நினைவுக்கு வந்தது. படித்துப் படித்து அழித்ததை ஏதோ பெரிய மரியாதை போல அல்லவா நினைத்திருந்தோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. படித்து அறுத்தால் என்ன, படிக்காமல் அறுத்தால் என்ன? அறுத்தது அறுத்ததுதான்.

அன்று அவள் தன் அறைக்குப் போகவில்லை. யாரிடமும் கேட்காமல் நேரே வேலைத்தளத்துக்குப் போனாள். பிரிவுத் தலைவர்களை விட்டுவிட்டு மேஸ்திரிகளைப் பிடித்தாள். தளத்து மேஸ்திரி, "தலைவரு இருபத்தொன்பதுன்னு சொல்லியிருப்பாரு. சிமென்ட்டுக்கு அது தெரியுமாக்கா? இன்னும் முப்பது நாளு" என்றார். தண்டவாள மேஸ்திரி வேலையில்லாமல் ஆட்களோடு நிழலில் உட்கார்ந்திருந்தார். மிதவைக் கிரேன் ஓட்டுநர் அவளைக் கண்டதும் அழாத குறை: "வர்ற செவ்வாய்க்கிழமை நாலு பேரு என்னைக் கூப்பிட்டிருக்காங்க அக்கா. நாலு பேருமே கோபமா இருக்காங்க. நான் யாருகிட்ட போறது?"

இரண்டு நாளில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்து ஏழு கோப்பையும் ஒன்றாக்கினாள். ஒரு நாள்காட்டி, ஒரு மிதவைக் கிரேன். முடிச்சுகளை மறுபடி போட்டாள். போட்டு முடித்துத் தேதியைக் கணக்கிடச் சொன்னதும் திரை முழுக்கச் சிவந்தது. கப்பல் உள்ளே வர இன்னும் நாற்பத்தாறு நாள்.

அன்று மதியமே இயக்குநர் கூட்டம் போட்டிருந்தார். அந்த அறையின் ஜன்னல் கடலைப் பார்த்தது. யாரோ திரைச்சீலையை இழுத்து மூடியிருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஏழும் பச்சை. கப்பல் ஏன் வெளிய நிக்குது?"

"என் வேலை நேரத்துல நடக்குது சார். சுவர் வரல" என்றார் தூர்வாரியார்.

"என் வேலையும் நேரத்துலதான் சார். மிதவைக் கிரேன் வரல" என்றார் தளத்தார்.

"நான் ரெடி சார். இவர் தளத்தைத் தரல" என்றார் தண்டவாளத்தார், சகலையின் முகத்தைப் பார்க்காமல். அந்தக் குடும்பத்தில் அக்காவும் தங்கையும் பேசி மூன்று வாரமாகியிருந்தது.

கொள்முதல்காரர் மட்டும் தலை குனிந்து, "நான் கொண்டுவந்துட்டேன் சார்" என்றார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல.

முடிச்சக்கா மடக்கு நாற்காலியை விட்டு எழுந்து, அச்சடித்த தாளை மேசை நடுவில் விரித்தாள். இயக்குநர் பார்த்தார். கண்ணை ஒரு முறை மூடித் திறந்தார்.

"நாற்பத்தாறு நாளா?"

"ஆமா சார். இன்னிலேருந்து."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், அது இருக்கட்டும். இந்தச் சிவப்பை... ஒரு ஆரஞ்சு மாதிரி... கொஞ்சம் இதமா..."

"கலரை எப்படி வேணாலும் மாத்தித் தரேன் சார். கப்பலுக்கு என்ன பெயின்ட் அடிக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. இந்த முறையும் அவள் கிண்டல் செய்யவில்லை என்றுதான் இயக்குநர் நினைத்தார். இந்த முறை அவள் செய்திருந்தாள்.

கப்பல்காரர்களிடம் தேதியைச் சொன்னார்கள். வந்த பன்னிரண்டாம் நாள் காலை அது நங்கூரம் எடுத்தது. மற்ற துறைமுகத்துக்கான இரண்டையும் முதலில் இறக்கிவிட்டு, ஏழு வாரத்தில் திரும்பி வருவதாக ஏற்பாடு. நாலு கிரேன்களும் நின்ற வாக்கில் மெல்லத் திரும்பி, தொடுவானத்தில் ஒவ்வொன்றாக முங்கிப் போனதை ஊரே பார்த்தது. "போயிடுச்சும்மா" என்றாள் மாமியார், மாடியிலிருந்து இறங்கி வந்து.

பயந்துபோன இயக்குநர் முடிச்சக்காவைக் கூப்பிட்டார். "நீங்க என்ன வேணாலும் பண்ணுங்க மேடம். ஒரே ஃபைலா வெச்சுக்கங்க, முடிச்சுப் போட்டுக்கங்க. ஆனா யாரு மேல, யாரு கீழன்னு மறுபடி இவங்க சண்டைக்கு வரக்கூடாது."

அவள் இரண்டு நாள் யோசித்தாள். கோப்பு ஒன்று, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே கோப்பை ஆளுக்கு ஆள் வேறு வரிசையில் காட்ட மென்பொருளில் வசதி உண்டு. அவரவர் திரையில் அவரவர் பிரிவு உச்சியில் தெரியும்படி ஏழு தோற்றங்கள் செய்தாள். தண்டவாளத்தார் திறந்தால் தண்டவாளம் முதலில். தளத்தார் திறந்தால் தளம். தூர்வாரியார் திறந்தால் கடலே தலைமேல். அடியில் முடிச்சுகள் ஏழு பேருக்கும் பொது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய், "உங்க ப்ராஜெக்ட்டைத்தான் சார் முதல்ல வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஏழு பேரும், மற்ற ஆறு பேருக்கும் இது தெரிய வேண்டாம் என்று பெருந்தன்மையோடு அவளைக் கேட்டுக்கொண்டார்கள்.

வேலை நகர்ந்தது. மிதவைக் கிரேன் ஒரு நாளுக்கு ஓரிடம் என்று போனது. சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒருநாள் தூர்வாரியாரே அவள் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, "அந்த மின்கேபிள் வேலையோடயும் எனக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைங்கம்மா. அவங்க எப்ப கடல்ல இறங்குவாங்கன்னே தெரிய மாட்டேங்குது" என்றார். அவள் ஏற்கெனவே போட்டிருந்தாள். இருந்தாலும் அவர் கண் முன்னால் விசைப்பலகையை நாலு தட்டுத் தட்டி, "போட்டாச்சு சார்" என்றாள்.

அந்த நாற்பத்தாறில் முப்பதாவது நாள் விஷயம் வெடித்தது. தளத்தின் கடைசிப் பகுதியை ஒப்படைக்கும் கையெழுத்துக்காகத் தண்டவாளத்தார் முதல் தடவையாகச் சகலையின் அறைக்குப் போயிருக்கிறார். மேசையில் திரை திறந்திருந்தது. போன வேகத்தில் திரும்பி முடிச்சக்கா அறைக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

"என்னம்மா இது? அவன் திரையில என்னை அவனுக்குக் கீழ போட்டிருக்கீங்க!"

முடிச்சக்கா நிதானமாகக் கேட்டாள். "உங்க திரையில யாரு சார் மேல?"

"நான்."

"அவருக்கு அது தெரியுமா சார்?"

"தெரியாது."

"அப்புறம் என்ன சார்? பாவம், அவர் பாட்டுக்குச் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே. நீங்கதானே பெரியவர்?"

தண்டவாளத்தாரின் முகம் மெல்லத் தெளிந்தது. "அதுவும் சரிதான். சின்னப் பையன். விட்டுக் கொடுத்துடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு மாமனார் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய், எல்லோர் முன்னாலும் சகலையின் தோளைத் தட்டிக் கொடுத்தாராம். எதற்கு என்று தளத்தாருக்கு இன்றுவரை தெரியாது.

அதே கணக்கில் ஐம்பதாம் நாள் கப்பல் திரும்பி வந்தது. நாலு நாள் முன்னதாகவே எல்லாம் தயார். முதல் கிரேன் கப்பலிலிருந்து தண்டவாளத்துக்கு அங்குலம் அங்குலமாக உருண்டு இறங்க ஆறு மணி நேரம் பிடித்தது. முடிச்சக்கா தலைக்கவசத்தோடு தடுப்புக் கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு நின்று பார்த்தாள். கடைசிச் சக்கரம் தண்டவாளத்தில் ஏறியபோது பக்கத்தில் நின்ற மிதவைக் கிரேன் ஓட்டுநரின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மேடை போட்டுப் பேசினார்கள். ஒருங்கிணைந்த திட்டமிடல் என்பது தன் நீண்ட நாள் கனவு என்று இயக்குநர் பேசினார். கப்பல் வந்து, நின்று, திரும்பிப் போனதை 'திட்டமிட்ட ஒத்திகை' என்று ஒரே மூச்சில் கடந்துபோனார். ஆறு மாதத்தில் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. வேறு நகரம், இதைவிடப் பெரிய பெருந்திட்டம், ஏழு அல்ல, பத்தொன்பது பிரிவுகள். போவதற்கு முன்னால் முடிச்சக்காவை அழைத்தார்.

"நீங்களும் வந்துடுங்க மேடம். அங்க உங்களுக்குப் பெரிய ரூம், ஜன்னல் வெச்ச ரூம். கீழ நாலு பேர்."

"பத்தொன்பதும் ஒரே ஃபைலா சார், தனித்தனியா?"

"அது... அங்க பத்தொன்பது பெரிய மனுஷங்க இருக்காங்க. எடுத்த உடனே எப்படி? போய், அவங்க மனசு கோணாம, மெதுவாப் பேசிக்கலாம்."

"சரி சார். நீங்க முதல்ல போய்ப் பேசுங்க. பேசி முடிச்சதும் சொல்லி அனுப்புங்க, நான் வரேன்."

இயக்குநர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.